ஒன்பதாயிரம் வெள்ளி யார் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் 26 ஆண்டுகளாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். மார்ச் பிறந்தால் என் மேசைக்கு ஆள் வரத்து கூடிவிடும். ஊழியர்களின் சம்பள விவரத்தை மார்ச் 1ஆம் தேதிக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு நாங்கள் அனுப்பிவிட வேண்டும். அனுப்பியாகிவிட்டது என்று தெரிந்ததும் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவராக வருவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். “அண்ணே, டேக்ஸ் குறையணும்னா எதுல காசு போடலாம்?”

மார்ச்சில் கேட்டு என்ன பயன்? 2024 வருமானத்துக்கு எதில் போடுவதாக இருந்தாலும் டிசம்பர் 31க்குள் போட்டிருக்க வேண்டும். அது போகட்டும். “காசு போடாமலே கிடைக்கிற வரிக் கழிவையெல்லாம் வாங்கிட்டியா?” என்று நான் திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து குறைத்துக்கொள்கிற ரிலீஃப் என்றாலே பணம் கட்டி வாங்குவது என்று எப்படியோ மனசில் பதிந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே கிடக்கிற கழிவை விட்டுவிட்டு, வங்கியிலும் ஏஜெண்டிடமும் போய் விலை கொடுத்து வாங்குகிறோம். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இரண்டு தப்பையும் நானே செய்தவன்.

முதல் தப்பு 2018 டிசம்பரில். போனஸ் வந்திருந்தது. வேறு வேலையாக வங்கிக்குப் போன இடத்தில், கவுண்டரில் இருந்த இளைஞர் எஸ்ஆர்எஸ் என்கிற துணை ஓய்வுக்காலத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஆண்டுக்கு 15,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை போடலாம், போடுகிற தொகை முழுவதும் வருமானத்திலிருந்து கழியும் என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. 8,000 வெள்ளி போட்டேன்.

அந்த ஆண்டு மற்றக் கழிவெல்லாம் போக வரி விதிக்கப்படும் வருமானமாக எனக்கு நின்றது 46,000 வெள்ளி. அதற்கு வரி 970. எட்டாயிரம் கழிந்து 38,000 ஆனதும் வரி 480. மிச்சம் 490 வெள்ளி. அன்றைக்கு வீட்டில் நான்தான் கெட்டிக்காரன்.

2021இல் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதி மெடிசேவ் என்கிற மருத்துவச் சேமிப்பிலும் காப்புறுதியிலும் போயிற்று. ஆனால் வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு ஆகிற செலவு எல்லாமே ரொக்கம். குளியலறைப் படியை இடித்துச் சமன் செய்ய வேண்டும், சக்கர நாற்காலி வேண்டும், பணிப்பெண்ணுக்கு முன்பணம் வேண்டும். வேறு வழி இல்லாமல் எஸ்ஆர்எஸ் பணத்தில் கை வைத்தேன். முன்கூட்டியே எடுத்ததற்கு 5 விழுக்காடு அபராதம், 400 வெள்ளி. எடுத்த எட்டாயிரமும் அந்த ஆண்டு வருமானத்தில் முழுசாகச் சேர்ந்தது. அதற்கு 7 விழுக்காடு வரி, 560 வெள்ளி. 490 வெள்ளியை மிச்சம் பிடித்துவிட்டு 960 வெள்ளி கட்டினேன். எனக்கே உடம்பு முடியாமல் போயிருந்தால் மருத்துவக் காரணம் காட்டி அபராதம் இல்லாமல் எடுத்திருக்கலாம். அம்மாவுக்கு என்றால் அந்த விதி இடம் தராது. எதிலும் முதலீடு செய்யாமல் பணத்தை அப்படியே கணக்கில் போட்டு வைத்திருந்ததால் வட்டி 0.05 விழுக்காடு. வருஷத்துக்கு நான்கு வெள்ளி. காப்பிக்கடையில் இரண்டு மூன்று காப்பி குடிக்கலாம்.

திட்டத்தைக் குறை சொல்லவில்லை. நான் நின்ற வரிப் படிக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். நம் வருமான வரி படிப்படியாக ஏறுவது. முதல் 20,000 வெள்ளிக்கு வரியே இல்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, அதற்கடுத்த 10,000க்கு 3.5. நாற்பதாயிரத்துக்கு மேல் எண்பதாயிரம் வரை 7. அங்கிருந்து 120,000 வரை 11.5. அப்புறம் 15, 18 என்று ஏறி, பத்து லட்சத்துக்கு மேல் போனால் 24. எங்கள் தொழிற்சாலையின் மூத்த பொறியாளர் 15 விழுக்காட்டுப் படியில் ஏறி வெகுதூரம் போய்விட்டவர். அவர் 15,300 போட்டால் உடனே 2,295 வெள்ளி மிச்சம். ஓய்வு வயதுக்குப் பிறகு பத்தாண்டுகளில் பிரித்து எடுக்கும்போது பாதித் தொகைக்குத்தான் வரிக் கணக்கு. வேறு வருமானம் இல்லையென்றால் ஆண்டுக்கு 40,000 எடுத்தாலும் வரி வராது. அவருக்கு அது அருமையான திட்டம். அவர் சொன்ன யோசனையை 3.5 விழுக்காட்டுப் படியில் நிற்கிற பிள்ளைகள் அப்படியே பின்பற்றுவதுதான் என் கவலை.

என் மகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 26 வயது, மாதம் 3,600 வெள்ளி சம்பளம். 2024 டிசம்பரில் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினாள். “அப்பா, எஸ்ஆர்எஸ்ல அஞ்சாயிரம் போட்டா டேக்ஸ் குறையுமாம். ஆபீஸ்ல எல்லாரும் போடறாங்க.” பேனாவை எடுத்து ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஆண்டுச் சம்பளம் 43,200. மத்திய சேம நிதி என்கிற கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்புக்குப் போகும் 8,640, வேலை பார்க்கிறவர்களுக்கு உள்ள உழைப்பூதியக் கழிவு 1,000, இரண்டும் போக 33,560. அதற்கு வரி 324 வெள்ளி 60 காசு. ஐயாயிரம் போட்டால் வரி 171 வெள்ளி 20 காசு. அதாவது 63 வயது வரை தொடக்கூடாத ஐயாயிரத்துக்கு இன்றைக்கு லாபம் 153 வெள்ளி. அதுவும் நிலைக்கவில்லை. 2025 பிப்ரவரியில் வரவுசெலவுத் திட்டத்தில் அந்த ஆண்டு வரிக்கு 60 விழுக்காடு தள்ளுபடி, 200 வெள்ளி வரை என்று அறிவித்தார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 153 வெறும் 61 ஆகச் சுருங்கிவிட்டது. இன்னும் இரண்டு வருஷத்தில் கல்யாணம், வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் என்று நிற்கப்போகிற பெண்ணுக்கு இது எதற்கு?

ஐயாயிரத்தைத் தொடாதே, ஒரே ஒரு வெள்ளியைப் போட்டுக் கணக்கை மட்டும் திறந்து வை என்றேன். முதல் முறை பணம் போடும்போது சட்டப்படி என்ன ஓய்வு வயதோ, அந்த வயதுதான் அபராதமில்லாமல் எடுப்பதற்கு அவளுக்கு நிலைத்து நிற்கும். 2026 ஜூன் 30 வரை அது 63. ஜூலை 1 முதல் 64. ஒரு வெள்ளிக்கு ஒரு வருஷம் கிடைக்கிறது என்றால் வாங்கிப் போட வேண்டியதுதானே.

மத்திய சேம நிதியில் ரொக்கமாக நிரப்புவதும் உண்டு. தன் கணக்குக்கு 8,000, குடும்பத்தாருக்கு 8,000 வரை கழிவு. ஓய்வுக்கால சேமிப்புக்கு 4 விழுக்காடு வட்டி என்பதால் எஸ்ஆர்எஸ்ஸைவிட இது என் மனசுக்கு நெருக்கம். ஆனால் போட்டது போட்டதுதான். அபராதம் கட்டுகிறேன் என்றாலும் திரும்ப வராது. ஆறு மாதச் செலவுக்கு ரொக்கம் தனியாக வைத்திருக்கிறவர்கள் போடட்டும்.

இப்போது இரண்டாவது தப்பு. இது எனக்குக் கொஞ்சம் வெட்கமும்கூட.

2024 தீபாவளிக்குத் தம்பி வீட்டுக்குப் பொங்கோலுக்குப் போயிருந்தோம். முறுக்குத் தட்டுக்குப் பக்கத்தில், ஏதோ கடனுக்காக அவன் அச்சடித்து வைத்திருந்த வரி மதிப்பீட்டு அறிவிப்பு கிடந்தது. தொழில் புத்தி, கண் தானாகப் போயிற்று. கழிவுப் பட்டியலில் ஒரு வரி: பெற்றோர் கழிவு, 9,000.

அம்மா 2021இல் விழுந்ததிலிருந்து என் வீட்டில், ஈசூனில் இருக்கிறார். அதற்கு முன்பு தம்பி வீட்டில் இருந்தார். பெற்றோர் நம்மோடு ஒரே வீட்டில் இருந்தால் 9,000 வெள்ளிக் கழிவு. தனியாக இருந்து நாம் ஆண்டுக்குக் குறைந்தது 2,000 வெள்ளி செலவு செய்து ஆதரித்தால் 5,500. அம்மா இடம் மாறினார், கழிவு மாறவில்லை. தம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. “ஃபைல் பண்ண வேணாம்னு மெசேஜ் வந்துச்சுண்ணே. நான் தொறந்துகூடப் பார்க்கல” என்றான். பல பேருக்கு இப்படித்தான். தாக்கல் செய்யத் தேவையில்லை என்று ஆணையம் சொல்கிறவர்களுக்குப் போன ஆண்டுக் கழிவுகளையே வைத்துக் கணக்குப் போட்டு அறிவிப்பு அனுப்பிவிடுவார்கள். வசதியான ஏற்பாடு. ஆனால் அம்மா யார் வீட்டில் தூங்குகிறார் என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? சரி, தம்பிதான் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சம்பளக் கணக்குப் பார்க்கிற நான் மூன்று வருஷமாக ஏன் கேட்கவில்லை? அவன் எடுத்துக்கொள்கிறான், கேட்டால் தப்பாக நினைப்பான் என்று பேசாமல் இருந்துவிட்டேன். சம்பளத்தையும் வரியையும் பற்றி அண்ணன் தம்பி பேசிக்கொள்வது நம் வீடுகளில் ஏதோ கூடாத காரியம்.

அன்றைக்குப் பேசினோம். தம்பிக்கு வரி விதிக்கப்படும் வருமானம் 32,000 வரும். அவன் கையில் அந்த 9,000 கழிவின் மதிப்பு 210 வெள்ளி. எனக்கு 48,000. என் கையில் அதே கழிவுக்கு 595 வெள்ளி. இது தள்ளுபடியைச் சேர்க்காத கணக்கு. ஒரே அம்மா, ஒரே கழிவு, ஆனால் படியைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. அம்மா என்னோடு இருப்பதால் முறைப்படியும் அது எனக்கு உரியது. அவனுக்குப் போகும் 210ஐ நானே கையில் கொடுத்துவிட்டேன். மாதாமாதம் அம்மா செலவுக்கு அவன் 300 தருகிறவன், மனசு சங்கடப்படக்கூடாது. பழைய ஆண்டுகளைத் திருத்தச் சொல்லி ஆணையத்துக்கு அவனே எழுதினான். தானாக முன்வந்து சொல்கிறவர்களுக்கு அபராதத்தைக் குறைக்கிற ஏற்பாடு இருக்கிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து பெற்றோரைப் பார்த்துக்கொண்டால், பேசி ஒப்புக்கொண்டபடி அந்தக் கழிவைப் பங்கு போட்டுக்கொள்ளவும் இடம் உண்டு. இது தெரியாமல் மனஸ்தாபப்பட்ட அண்ணன் தம்பிகளை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

2025 மதிப்பீட்டு ஆண்டில், அதாவது 2024 வருமானத்துக்கு வரி போடும் ஆண்டில், இன்னொரு மாற்றம். பெற்றோரின் சொந்த வருமானம் ஆண்டுக்கு 4,000 வெள்ளியைத் தாண்டினால் கழிவு கிடையாது என்று இருந்ததை 8,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் இருக்கிறார். கூடவே இருக்கும் அப்பா பகுதிநேரக் காவலாளி, மாதம் 550 வெள்ளி. ஆண்டுக்கு 6,600. 2024 வரை கிடையாது, 2025 முதல் உண்டு. நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது. அந்தப் பெண்ணின் மாமியார்தான் ஏழு வயதுப் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து சாப்பாடு போட்டுப் பார்த்துக்கொள்கிறவர். வேலை பார்க்கும் தாய்மார்களுக்கு, பிள்ளை 12 வயதைத் தாண்டாதவரை, அதற்காக 3,000 கழிவு தனியாக இருக்கிறது. அதையும் அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு வந்த ஒரே நல்ல சேதி, 55 வயது ஆனதும் உழைப்பூதியக் கழிவு 1,000லிருந்து 6,000 ஆனது. அறுபதில் 8,000. வயசானதற்குக் கிடைத்த ஒரே சலுகை என்று மனைவி கேலி செய்கிறாள்.

எடுத்துவிட்டவையும் உண்டு. பணிப்பெண் வைத்திருப்பதற்கு அரசாங்கத்துக்குக் கட்டும் தீர்வைக்கான கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லை. படிப்புக் கட்டணக் கழிவுக்கு 2025தான் கடைசி ஆண்டு. முன்பு இருந்ததே என்று யாரும் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

தமிழகத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புகிறேனே, கழிவு உண்டா என்று கேட்கிறார்கள். கிடையாது. பெற்றோர் சிங்கப்பூரில் வசிக்க வேண்டும். அப்புறம், வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பும்போது கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி பிடித்து வைத்தால் பதற வேண்டாம். எஸ் பாஸ் என்கிற வேலை அனுமதியில் இருந்த ஒரு பையன் இதற்காக என் மேசைக்கு முன்னால் நின்று அழுதுவிட்டான். முதலாளி ஐஆர்21 படிவம் அனுப்பி, வரி பாக்கி எவ்வளவு என்று ஆணையம் சொல்லும்வரை பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சட்டம். வரி போக மீதி அவன் கைக்கு வந்து சேர்ந்தது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். தாக்கல் செய்யக் கடைசி நாள் ஏப்ரல் 18. அதுவரை வாரம் ஒருநாள் அரைப் பக்கம் ஒதுக்கி, எந்தக் கழிவு யாருக்கு, எது புதிது, எது போய்விட்டது என்று தமிழில் போடுங்கள். ஆங்கிலத்தில் எல்லா விவரமும் இணையத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் காகிதத்தில் தமிழில் இருந்தால் அதை மேசையில் விரித்துவைத்துக் குடும்பமாகப் பேச முடியும். சிங்பாஸ் என்கிற அரசாங்க இணைய அடையாளக் கணக்கு வழியாக ஆணையத்தின் தளத்துக்குள்ளே போய் ஒரு முறை பாருங்கள் என்றும் போடுங்கள். தாக்கல் செய்ய வேண்டாம் என்று சேதி வந்தவர்களும் திறந்து பார்த்துத் திருத்தலாம். அறிவிப்பு வந்த பிறகு தப்புத் தெரிந்தால் 30 நாளுக்குள் ஆட்சேபம் சொல்ல வேண்டும். ஒரே தடவையில் கட்ட முடியாதவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோ போட்டால் வட்டியில்லாமல் பன்னிரண்டு மாதத்தில் கட்டலாம். இதைத் தெரியாமல் கடன் அட்டையில் தேய்த்துக் கட்டி அதற்கு வட்டி அழுதவர்களும் எங்கள் தொழிற்சாலையில் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வயது 81. தீபாவளியன்று நாங்கள் பேசியதையெல்லாம் சோபாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். காது மந்தம் என்று நினைத்திருந்தோம். கடைசியில் கேட்டார்: “இத்தன வருஷமா என் பேர்ல ஒம்பதாயிரம் ஒம்பதாயிரமா எடுத்திருக்கீங்களே, என் கையில யாராச்சும் ஒரு காசு குடுத்தீங்களா?”

கழிவு என்பது பணம் இல்லை, கணக்கு என்று விளக்கப் பார்த்தேன். எடுபடவில்லை. 2025 ஜனவரியில் தம்பியும் நானும் ஆளுக்கு ஆயிரம் வெள்ளி அம்மாவின் ஓய்வுக்காலக் கணக்கில் போட்டோம். சேமிப்புக் குறைவாக இருக்கும் மூத்தோருக்கு, நாம் போடுகிற தொகைக்கு ஈடாக ஆண்டுக்கு 2,000 வரை அரசாங்கமும் போடுகிறது. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களும் 2025 முதல் சேர்த்தி. இப்படி ஈட்டுத் தொகை கிடைக்கிற பணத்துக்கு வரிக் கழிவு கிடையாது என்று தம்பி தயங்கினான். இரண்டாயிரத்துக்கு ஏழு விழுக்காடு 140 வெள்ளி, அரசு கொடுப்பது 2,000 வெள்ளி, எது பெரிது என்று கேட்டேன். அரசின் பங்கு அடுத்த ஆண்டு தொடக்கத்தில்தான் கணக்கில் ஏறும். வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று அம்மா அப்போதே வாரம் ஒருமுறை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
சம்பளக் கணக்குப் பார்க்கும் ஒரு வாசகர்,
ஈசூன்.